எச்.ஐ.வி. தாயும் தாய்ப்பால் கொடுக்கலாம்: சங்குத் தண்ணிதான் கூடாது!

நாமக்கல்: குழந்தை பிறந்த வீட்டில் முதல் வேலையே சேனை வைப்பதுதான். குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவரைக் கூப்பிட்டு, சர்க்கரைத் தண்ணியோ தேனோ பச்சப்புள்ள நாக்கில் தொட்டு வைப்பார்கள். என் மகனுக்கும் எங்க அம்மா அப்படித்தான் வச்சாங்க. யாருக்கும் தப்பாத் தெரியல.

ஆனால் பெற்றவளுக்கு எச்.ஐ.வி. இருந்து, அவள் தாய்ப்பாலும் கொடுத்து, நடுவில் இப்படி தண்ணி, பசும்பால், உரை மருந்து, கழுதைப்பால் என்று மாற்றி மாற்றி உள்ளே போனால், குழந்தைக்கு நோய் தொற்றும் ஆபத்து கூடிவிடுகிறது.

"எச்.ஐ.வி. இருந்தா தாய்ப்பாலே கொடுக்கக்கூடாதே?" என்றுதான் இன்னமும் பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதிலும் தப்பில்லை. 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வசதி இருந்தால் பவுடர் பால் கொடு, முடியாவிட்டால் சில மாதம் தாய்ப்பால் கொடுத்துவிட்டு நிறுத்திவிடு என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லி வந்தது. 2010-ல் அது மாறியது. தாயோ குழந்தையோ மருந்து எடுத்துக்கொண்டால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார்கள்.

மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா என்ற நாடு எச்.ஐ.வி. தாய்மார்களுக்கு பவுடர் பாலை இலவசமாகவே கொடுத்தது. 2006-ல் அங்கே பெருமழை பெய்து தண்ணீர் கெட்டுப்போனது. வயிற்றுப்போக்கில் 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் தாய்ப்பால் குடிக்காத குழந்தைகளே மிக அதிகம். எச்.ஐ.வி.யிலிருந்து காப்பாற்றக் கொடுத்த பாலே எமனாகிவிட்டது.

அதற்கு முன்பே, 1999-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 549 தாய்மார்களை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு மற்றதையும் சேர்த்துக் குடித்த குழந்தைகளுக்கே 3 மாதத்தில் தொற்று அதிகமாக இருந்தது.

ஏன் அப்படி? பிறந்த குழந்தையின் குடல் ரொம்ப மெல்லிசு. வெளிப்பால், தண்ணி, மருந்து எல்லாம் போனால் குடலின் உள்பக்கம் எரிச்சலாகி, கண்ணுக்குத் தெரியாத புண் வரும். பாலில் வரும் கிருமி அந்த வழியாக உடம்புக்குள் நுழைந்துவிடும் என்பது டாக்டர்கள் தரும் விளக்கம்.

எந்த சிகிச்சையும் இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் மூன்றும் சேர்த்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று வரலாம். சரியான சிகிச்சை இருந்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடும்.

மாத்திரைதான் உயிர்

இந்தியாவில் 2014 ஜனவரி முதல், எச்.ஐ.வி. தெரியவந்த எல்லா கர்ப்பிணிகளுக்கும் கூட்டு மருந்து வாழ்நாள் முழுக்க இலவசம். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் போட்டால் ரத்தத்தில் கிருமி அடங்கிவிடும், பாலிலும் குறையும். அப்படி அடங்கிய தாயின் பால் மூலம் தொற்று வருவது 100-ல் ஒன்றுக்கும் குறைவு. சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் நாலு நாள் மாத்திரை விட்டுப்போனால் பயந்துகொண்டு மறைக்கக் கூடாது. உடனே ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்கும் பிறந்த உடனே சொட்டு மருந்து தொடங்கி 6 வாரம் கொடுப்பார்கள். தாய் தாமதமாக மருந்து தொடங்கியிருந்தாலோ, கிருமி அடங்காமல் இருந்தாலோ, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது 12 வாரம் வரை போகும். டாக்டர் எழுதிக்கொடுத்த இந்த மருந்தைக் கொடுப்பது தாய்ப்பாலோடு மற்றதைக் கலப்பதாக ஆகாது.

மார்க்காம்பில் வெடிப்பு, பால் கட்டி வீக்கம், சீழ் வந்தால் அந்தப் பக்கம் கொடுக்காமல் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, அடுத்த பக்கம் கொடுக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு வாய்ப்புண் வந்தாலும் அப்படித்தான்.

6 மாதம் முடிந்த பிறகு குழைந்த சாதம், பருப்பு எல்லாம் ஊட்டலாம். கூடவே தாய்ப்பாலும் கொடுக்கலாம். குழந்தைக்குத் தொற்று இல்லை என்றால் ஒரு வயது வரை கொடுப்பது நம் நாட்டு நடைமுறை. நிறுத்தும்போது ஒரே நாளில் வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வேண்டும். தாய்ப்பால் வேண்டாம், பவுடர் பால்தான் என்று டாக்டரிடம் பேசி முடிவு செய்தால் அதுவும் சரி. ஆனால் அது மட்டும்தான். பசிக்கு அழுகிறதே என்று நடுவில் மாரில் போடக்கூடாது.

மாமியாரை எப்படி சமாளிப்பது?

எழுதுவது சுலபம், வீட்டில்தான் கஷ்டம். "ஒரு சங்கு தண்ணி குடுத்தா என்ன ஆயிரப் போகுது? புள்ளைக்குத் தாகம் எடுக்காதா?" என்று மாமியார் நின்றால், நோய் விஷயம் தெரியாத வீட்டில் மருமகள் என்ன பதில் சொல்வாள்? இதற்கு ஒரு வழி இருக்கிறது. 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்வதுதான். "ஆஸ்பத்திரில தண்ணிகூட குடுக்கக்கூடாதுனு சொல்லிட்டாங்க அத்தை" என்றால் போதும். யாருக்கும் சந்தேகம் வராது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொல்வது 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி கூடாது என்பதையும் ஆஸ்பத்திரி ஊழியர்கள் மறக்கக் கூடாது.

லாரி, ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வெளியூர் போகிற அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் மனைவிக்கு 'இல்லை' என்று வந்த ரிசல்ட் அன்றைய நிலவரம்தான். பால் கொடுக்கும் காலத்தில் அவளுக்குப் புதிதாகத் தொற்றினால், ரத்தத்தில் கிருமி எக்கச்சக்கமாக இருக்கும், குழந்தைக்கு ஆபத்து அதிகம். நீங்களும் போய் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். காண்டம் போடுங்கள்.

குழந்தைக்கு 6 வாரத்தில் முதல் பரிசோதனை, பிறகு 6 மாதம், 12 மாதம். கடைசி முடிவு 18 மாதத்தில். முதல் டெஸ்டில் 'இல்லை' என்று வந்ததுமே மாத்திரையை விட்டுவிடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை, ஆலோசனை எல்லாம் இலவசம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்கு காசில்லாமல் போன் போட்டுக் கேட்கலாம்.