பழைய வானிலை மென்பொருளில் பைட்டு வரிசைச் சிக்கல்

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் அமெரிக்கத் தேசிய வளிமண்டல ஆய்வு மையமும் உருவாக்கிய எம்எம்5 வானிலை மாதிரி, பெரும்பாலும் ஃபோர்ட்ரான் 77 மொழியில் அமைந்தது. 2020இல் வெளிவந்த ஜிசிசி 10இன் ஃபோர்ட்ரான் தொகுப்பி, துணைநிரல்களுக்கு அனுப்பப்படும் மதிப்புகளின் வகை முரண்பட்டால் அதனைப் பிழையெனக் கொண்டு நின்றுவிடுகிறது. இப்பிழையை வெறும் எச்சரிக்கையாகத் தளர்த்தும் தெரிவும் அதிலேயே உண்டு. எனினும், தொகுப்பு நிறைவேறியதையே வெற்றியெனக் கொள்ளலாகாது.

பழைய பணிநிலையங்கள் பல, எண்ணின் உயர்பைட்டை முதலில் எழுதின. இன்டெல் கணினிகள் தாழ்பைட்டை முதலில் கொள்கின்றன. தொடர்முறைக் கோப்பாயின் பதிவு நீளமே பொருந்தாமல் வாசிப்பு பெரும்பாலும் நின்றுவிடும்; அது நன்மையே. நேரடி அணுகல் கோப்பிலோ, 1.0 என்னும் நான்கு பைட்டு மதிப்பு ஏறத்தாழச் சுழியாக வாசிக்கப்படும். எச்சரிக்கை ஏதும் எழாது. எனவே பைட்டு வரிசையை மாற்றும் தெரிவுடன் தொகுத்து, மழை வரைபடத்தை நோக்குமுன் தொடக்கநிலை அழுத்த மதிப்புகள் சிலவற்றைப் பழைய வெளியீட்டுடன் ஒப்பிடல் வேண்டும்.