கடலுக்குள் இறங்கிய எண்ணெய் மேடை!

வட கடலின் நடுவே ஓர் இரும்பு ஊர். அதன் பெயர் எக்கோபிஸ்க். நார்வே நாட்டைச் சேர்ந்த எண்ணெய் வயல் அது. கடலில் கால் ஊன்றி நிற்கும் பெரிய மேடைகளில் ஆட்கள் தங்கி வேலை செய்கிறார்கள்.

1984-ம் ஆண்டில் அங்கே ஒரு விசித்திரம் தெரிந்தது. எண்ணெய் சேர்த்து வைக்கும் கான்கிரீட் தொட்டியின் சுவரில் வரிசை வரிசையாகத் துவாரங்கள் உண்டு. அவற்றில் சில வரிசைகளைக் காணோம்! அவை தண்ணீருக்குள் போயிருந்தன.

கடல் உயர்ந்துவிட்டதா? இல்லை. கடலின் தரை இறங்கியிருந்தது! தரையோடு மேடைகளும் சுமார் 10 அடி இறங்கிவிட்டன.

காரணம் என்ன?

பாறைக்குள் எண்ணெய்

பூமிக்குள் எண்ணெய் ஏரி போல் தேங்கிக் கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பஞ்சில் தண்ணீர் ஊறுவது போல, பாறையின் நுண்ணிய துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கிறது.

எக்கோபிஸ்கில் இருப்பது, கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டி போன்ற சுண்ணாம்புப் பாறை. சுமார் 10 ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கிறது. 1969-ல் இங்கே எண்ணெயைக் கண்டுபிடித்தார்கள். 1971-ல் எடுக்கத் தொடங்கினார்கள்.

முதலில் எண்ணெய் தானாகவே பீறிட்டு வரும். சோடா புட்டியைத் திறந்தால் பொங்குகிறதே, அதுபோல! நாளாக ஆக அழுத்தம் குறையும். பொங்குவதும் அடங்கும். பெரும் பகுதி எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடும். எக்கோபிஸ்கில் 100 குடம் எண்ணெய் இருந்தால், 17, 18 குடம்தான் கிடைக்கும் என்று முதலில் கணக்கிட்டார்கள்.

உள்ளே அழுத்தம் குறைந்ததும், மேலே உள்ள மண்ணின் பாரம் பாறையை நசுக்கியது. அதனால்தான் தரை இறங்கியது!

மேடையைத் தூக்கினார்கள்

ஆபத்து பெரிது. வட கடலில் புயல் அடித்தால் அலைகள் மலை போல் எழும். மேடை தாழ்ந்தால், ஆட்கள் இருக்கும் தளத்தையே அலை தாக்கும்.

என்ன செய்தார்கள்? லாரிச் சக்கரத்தை மாற்ற ஜாக்கி வைப்பது போல, 1987-ல் மேடைகளுக்கே ஜாக்கி வைத்தார்கள்! கால்களை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தூக்கி, இடையில் இரும்புத் தூண்களைப் பொருத்தினார்கள். மேடைகள் 20 அடி உயர்ந்தன.

தண்ணீர் செய்த வேலை

அதே ஆண்டில் இன்னொரு வேலையும் பெரிய அளவில் தொடங்கியது. கடல் தண்ணீரைச் சுத்தம் செய்து, தனிக் கிணறுகள் வழியாகப் பாறைக்குள் செலுத்தினார்கள். தண்ணீர் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போய், வேறு கிணறுகளில் சேர்த்தது. குறைந்திருந்த அழுத்தமும் ஏறியது.

ஆனால், தரை இறங்குவது உடனே நிற்கவில்லை. தண்ணீர் பட்டதும் சுண்ணாம்புப் பாறை வலுவிழந்து மேலும் நசுங்கியது! 1998-ல் புதிய மேடைகளைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். பிறகு, இறங்கும் வேகம் குறைந்தது.

கஞ்சி போல் தண்ணீர்

எல்லா வயல்களுக்கும் வெறும் தண்ணீர் போதாது. எண்ணெய் கெட்டியாக இருந்தால், தண்ணீர் அதைத் தள்ளாமல் இடுக்கு வழியே ஓடிவிடும். அங்கே 'பாலிமர்' என்ற பொருளைக் கலந்து, தண்ணீரைக் கஞ்சி போல் ஆக்கி விடுகிறார்கள். வட கடலிலேயே, பிரிட்டனைச் சேர்ந்த 'கேப்டன்' வயலில் இப்படிச் செய்தார்கள்.

எக்கோபிஸ்கில் பலன் என்ன? 17, 18 குடம் என்று நினைத்த இடத்தில், 50 குடத்துக்கு மேல் கிடைக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். 1971-ல் தொடங்கிய வயல், 50 ஆண்டுகளைத் தாண்டியும் எண்ணெய் தருகிறது. உள்ளே செலுத்திய கடல் தண்ணீர்தான் அதற்கு முக்கிய காரணம்!