கராஜுக்குள் ஒரு பட்டறை: மின்சாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கியபோது பின்வளவில் தனியாக நின்ற கராஜை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. பழைய சாமான்களும் பனி தள்ளும் சவளும்தான் அங்கே கிடந்தன. பிறகு மகன் மரவேலை பழகி, ஒரு மேசை வாளை வாங்கி வைத்தான். வீட்டிலிருந்து 25 மீற்றர் நீளமான எக்ஸ்ரென்சன் வயர் ஒன்றை இழுத்துக் கொழுவினோம். குளிர்காலத்தில் ஒருநாள் பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தது. போய்ப் பார்த்தால் பிளக் கறுத்து, வயரின் சுருட்டி வைத்த பகுதி கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பிரேக்கர் விழவே இல்லை.

ஏன் விழவில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பிரேக்கர் காப்பது சுவருக்குள் ஓடும் வயரைத்தான். நாம் வெளியே கொழுவும் மெல்லிய வயர் எவ்வளவு தாங்கும் என்பது அதற்குத் தெரியாது. எங்கள் வயர் 16ஆம் இலக்கத் தடிப்பு. இந்த இலக்கம் கூடக் கூட வயர் மெல்லியதாகும். போக வர 50 மீற்றர் செம்பில் ஏறக்குறைய 0.66 ஓம் தடை இருக்கும். வாள் 15 அம்பியர் இழுத்தால், அந்த வயருக்குள்ளேயே ஏறத்தாழ 150 வாற் வெப்பமாகும். சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. அதோடு 10 வோல்ற் வரை குறைந்து போவதால் மோட்டரும் திணறும்.

ஊரில் 230 வோல்ற்றில் பழகிய எங்களுக்கு இது எளிதில் பிடிபடாது. 1,800 வாற் வேலைக்கு அங்கே 8 அம்பியருக்கும் குறைவாகப் போதும். இங்கே 120 வோல்ற்றில் 15 அம்பியர் வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதே வயரில் வெப்பம் நான்கு மடங்காகும்.

ஆனால் இங்குள்ள வீடுகளுக்கும் 240 வோல்ற் வருகிறது. அடுப்பும் உடுப்பு உலர்த்தியும் அதில்தான் ஓடுகின்றன. பல மேசை வாள்களின் மோட்டர்களை 240 வோல்ற்றுக்கு மாற்றி இணைக்கலாம். மோட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டில் 115/230 என்று இருந்தால் அது முடியும் என்று பொருள். மாற்றினால் 15 அம்பியர் ஏழரை அம்பியராகக் குறையும்.

அடுத்த கேள்வி, வீட்டின் பிரதான பெட்டியில் இடம் இருக்கிறதா என்பது. பெட்டியில் வெற்றுத் துவாரம் இருப்பது வேறு, மின்சாரம் மிச்சம் இருப்பது வேறு. வரவு தெரியாமல் செலவு எழுதக் கூடாது. 100 அம்பியர் இணைப்பென்றால் 24,000 வாற்தான் வரவு. கனடிய மின்விதியில் இதைக் கணக்கிட ஒரு முறை உண்டு. முதல் 90 சதுர மீற்றருக்கு 5,000 வாற், அடுத்த ஒவ்வொரு 90 சதுர மீற்றருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1,000 வாற், வழக்கமான மின்அடுப்புக்கு 6,000 வாற், குளிரூட்டிக்கு முழு அளவு. உலர்த்தி, வெல்டிங் இயந்திரம், வாள் போன்றவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாதென்பதால், அடுப்பு உள்ள வீட்டில் 1,500 வாற்றுக்கு மேற்பட்ட அவை ஒவ்வொன்றிலும் கால்பங்கு மட்டும்.

170 சதுர மீற்றர் வீடொன்றை எடுப்போம். வீட்டுக்கு 6,000, அடுப்புக்கு 6,000, குளிரூட்டிக்கு 3,500, உலர்த்திக்கு 1,250, 7,200 வாற் வெல்டிங் இயந்திரத்துக்கு 1,800, வாளுக்கு 450. கூட்டினால் 19,000 வாற், அதாவது 79 அம்பியர். 100க்குள் அடங்குகிறது. நாளைக்கு 32 அம்பியர் மின்கார் சார்ஜர் வந்தால், அதைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாதவரை 7,680 வாற்றையும் முழுதாகச் சேர்க்க வேண்டும். 111 அம்பியர் ஆகிவிடும். இரண்டையும் நினைத்திருப்பவர்கள் 200 அம்பியருக்கு மாறுவது பற்றி முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தனியாக நிற்கும் கராஜுக்கு, பிரதான பெட்டியிலிருந்து 60 அம்பியர் இழுத்து அங்கே ஒரு துணைப் பெட்டி வைப்பதே பரவலான வழி. அதற்கு 6ஆம் இலக்கச் செம்பு வயர் வழக்கம். துணைப் பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. கட்டினால் மின்னோட்டம் இயந்திரங்களின் இரும்புடலுக்கு வரக்கூடும். நிலத்தைத் தோண்ட முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிக்க வேண்டும். நிலத்துக்கடியில் காஸ் குழாயும் மின்வயரும் எங்கே போகின்றன என்று குறித்துத் தருவார்கள், கட்டணம் இல்லை. 1960களின் நடுப்பகுதிக்கும் 1970களின் இறுதிக்கும் இடையில் கட்டிய வீடென்றால், உள்ளே அலுமினிய வயரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, சொல்லக் கூச்சமான விஷயம். தெரிந்தவர் ஒருவர் வந்து, "அண்ணை, பேப்பர் ஒண்டும் வேண்டாம், காசாத் தந்தால் பாதி விலைக்கு முடிச்சுத் தாறன்" என்றார். மற்றவர்களின் கணக்கைப் பார்த்துப் பிழைக்கும் நாங்களே ஒரு வாரம் யோசித்தோம். காசு மட்டும் காரணமில்லை. வாசலில் அதிகாரி வந்து நின்றால் நெஞ்சு பதறும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு உண்டு. பரிசோதகர் வருவார் என்பதே எங்களைத் தயங்க வைத்தது.

ஆனால் ஒன்ராறியோவில் காசு கொடுத்து மின்வேலை செய்விப்பதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரரைத்தான் பிடிக்க வேண்டும். அவர் ஈ.எஸ்.ஏ எனப்படும் மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து வேலை செய்வார். சொந்த வீட்டில் தானே செய்பவரும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத வேலையால் தீப்பிடித்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக் கூடும். மிச்சம் பிடிக்கும் பாதி விலையை முழு வீட்டோடும், உள்ளே உறங்கும் பிள்ளைகளோடும் ஒப்பிட்டால் அது இலாபமே இல்லை.

வந்த பரிசோதகர் சிறிது நேரம் நின்றார், ஓரிடத்தில் பிடிப்பான் ஒன்றைக் கூட்டச் சொன்னார், போய்விட்டார்.

பட்டறையில் பொருள் செய்து விற்கும் எண்ணமுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மின்இணைப்புச் செலவு முதலீட்டுச் செலவு, அந்த ஆண்டின் செலவாக முழுவதும் கழிக்க முடியாது. வீட்டின் ஒரு பகுதிக்குத் தேய்மானம் கோரினால், வீடு விற்கும்போது கிடைக்கும் முதன்மை வதிவிட வரிவிலக்கு அந்தப் பகுதிக்குப் பாதிக்கப்படலாம். கோர முன் கணக்காளரிடம் கேளுங்கள்.

பற்றுச்சீட்டையும் பரிசோதனைச் சான்றிதழையும் வீட்டு உறுதியோடு ஒரே கோவையில் வையுங்கள். விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கக் கூடும்.