தடித்த நரம்பும் கித்தாரின் அமைதியும்

சிலப்பதிகாரக் கானல்வரியின் தொடக்கத்தில் மாதவி யாழைக் கையில் வாங்கியவுடன் பாடத் தொடங்கவில்லை. பண்ணல், ஆராய்தல் முதலாக இசைநூலார் வகுத்த எட்டு வகைத் தொழிலாலும் அதனைச் சோதித்த பின்னரே கோவலன் கையில் நீட்டுகிறாள். அவ்வெட்டனுள் முதலாவது பண்ணல். விளையாட்டு என்பது ஆறாவதாகவே வருகிறது. கருவியை ஒழுங்கு செய்தல் முன்னும், வாசித்து மகிழ்தல் பின்னும் நிற்பதே பழந்தமிழர் கொண்ட முறை. இம்முறையை மறந்ததனால் நம் காலத்து மின் கித்தார் படும் பாட்டை இக்கட்டுரையிற் காண்போம்.

பேரா மாநிலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் தோட்டத்துக் கோயில்கள் பலவற்றில் திருவிழா நின்றபாடில்லை. திருவிழா மேடையில் இசைக்குழுவும், குழுவில் மின் கித்தாரும் உண்டு. பாடுவோரின் சுருதி தாழ்ந்திருக்குமானால், கித்தார் வாசிக்கும் இளைஞர் ஆறு நரம்புகளையும் ஒரு முழுச்சுரம் இறக்குகிறார். நரம்பு தளர்ந்து, மெட்டுகளின் மேல் மோதி இரைகிறது. பிறகு ஈப்போவுக்குச் சென்று தடித்த நரம்புகளை வாங்கி மாட்டுகிறார். இப்போதோ நரம்பு உயர்ந்து நிற்கிறது, விரல் நோகிறது, மேல் மெட்டுகளில் சுரம் பிசகுகிறது. ‘கருவி கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டி, அரும்பாடுபட்டு வாங்கியதை அரை விலைக்குத் தள்ளிவிடுவோரும் உளர். உண்மையில் கெட்டது கருவியன்று. அதன் அமைதி குலைந்தது, அவ்வளவே.

இதன் காரணம் யாது? நரம்பின் சுருதி மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, எடை. பிரெஞ்சு நாட்டு அறிஞர் மெர்சேன் 1636ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விதியாக வகுத்துரைத்தார். நீளம் பாதியானால் சுருதி இருமடங்காகும். நீளமும் சுருதியும் மாறாதிருக்க, நரம்பு மட்டும் தடித்தால், அதனை அதே சுருதியில் நிறுத்துவதற்கு மிகுந்த இழுவிசை வேண்டும். அவ்விசை தடிப்பின் வர்க்கமாக ஏறும் என்பதே இங்கு உயிர்நாடியான செய்தி.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கடைகளில் 9, 10, 11 என்று கேட்டு வாங்கும் எண்கள், முதல் நரம்பின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக அளந்து சொல்வன. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரில் மேருவுக்கும் குதிரைக்கும் இடையே நரம்பின் நீளம் 25.5 அங்குலம். அந்நீளத்தில் முதல் நரம்பை உரிய சுருதியில் நிறுத்த, 9க்கு ஏறத்தாழ 6 கிலோ இழுப்பும், 10க்கு 7.4 கிலோவும், 11க்கு 9 கிலோவும் வேண்டும். எண்ணில் இரண்டே கூடியது; இழுப்போ ஒன்றரை மடங்காயிற்று. ஆறு நரம்புகளுக்கும் இவ்வாறே கூட்டினால் கழுத்து தாங்கும் சுமை எத்துணை மிகும் என்பது விளங்கும்.

இனி 11ஐ ஒரு முழுச்சுரம் இறக்கிப் பார்த்தால், இழுப்பு 9 கிலோவிலிருந்து 7 கிலோவுக்குச் சற்று மேலாகக் குறைகிறது. அஃதாவது 10க்கு உயர்ந்த சுருதியில் இருந்த இழுப்புக்கு ஏறக்குறைய ஒப்பாகிறது. ஆதலின் தாழ்ந்த சுருதிக்குத் தடித்த நரம்பை நாடியது பிழையன்று. அதுவே அறிவியலுக்கு ஒத்த வழி. 10 மாட்டிப் பழகிய கித்தாரில் 11ஐ மாட்டி, ஒரு முழுச்சுரம் தாழ்த்தியே வைத்திருப்பவர்க்குச் சிறு திருத்தங்களே போதும். அதே 11ஐ உயர்ந்த சுருதிக்கு ஏற்றுவோரும், 9லிருந்து தாவுவோரும் கருவி முழுவதையும் மீண்டும் ஒழுங்கு செய்தல் வேண்டும்.

அவ்வொழுங்கை விளக்க வீணையின் சொற்களே நமக்குப் போதுமானவை. தண்டி, மேரு, மெட்டு, குதிரை, பிருடை ஆகிய ஐந்தும் கித்தாருக்கும் பொருந்துவன. வேற்றுமை ஒன்றுண்டு. வீணையில் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகின்மேல் பதிந்திருத்தலின், சுரம் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டையே நகர்த்தி மேளம் கட்டலாம். கித்தாரில் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டுள்ளன, அவை நகரா. ஆகவே குதிரை நகர்ந்து கொடுக்கிறது.

முதலில் தண்டியைக் கவனிக்க வேண்டும். இழுப்பு மிகுந்தால் தண்டி வில்போல் முன்னோக்கி வளையும். நரம்பு உயர்வதற்கு இதுவே தலைக்காரணம். தண்டியினுள் மறைந்திருக்கும் எஃகுக் கம்பியை ‘டிரஸ் ராட்’ என்பர். அதனை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், சிறிது சிறிதாக இறுக்கினால் வளைவு தணியும். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் நரம்பை அழுத்திப் பிடித்தால், ஏழாம் மெட்டின்மேல் கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரிதல் நன்று. திருகாணி இறுகி மறுத்தால் வலிந்து திருப்பலாகாது. பழுது பார்ப்போரிடம் கொடுப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, வில்சுருள் உடைய குதிரை. அசையும் குதிரை, ஒருபுறம் நரம்புகளும் மறுபுறம் வில்சுருள்களும் இழுக்க, தராசுபோல் நடுநிற்பது. நரம்பின் இழுப்பு மிகுந்தால் குதிரை தலைநிமிரும். கருவியின் பின்புறத்துத் திருகாணிகளை இறுக்கியோ, சுருள் ஒன்றைக் கூட்டியோ அதனைச் சமன் செய்யலாம். அசையாத குதிரைக்கு இத்தொல்லை இல்லை.

மூன்றாவது, மேரு. மெல்லிய நரம்புக்கென வெட்டிய பள்ளத்தில் தடித்த நரம்பு அமராமல் சிக்கிக்கொள்ளும். பிருடையைத் திருப்பும்போது ‘கிறீச்’ என்னும் ஓசை எழுவது இதன் அறிகுறி. பள்ளத்தை மெல்ல அகலப்படுத்தலாமேயன்றி ஆழப்படுத்தலாகாது.

இம்மூன்றும் முடிந்த பின்னரே நரம்பின் உயரத்தைக் குதிரையில் திருத்துதல் வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின்மேல் மெல்லிய நரம்புக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரும், தடித்த நரம்புக்கு இரண்டு மில்லிமீட்டரும் பலருக்கும் ஏற்ற அளவு.

இறுதியாகச் சுரச் சோதனை. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேராக நரம்பை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் ஒரு நாதம் பிறக்கும். அதே மெட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே நாதம் வரவேண்டும். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் குதிரையைப் பின்னுக்குத் தள்ளுக. இறங்கி ஒலித்தால் முன்னுக்குக் கொணர்க. தடித்த நரம்பு விறைப்பு மிக்கதாதலின் பெரும்பாலும் பின்னுக்கே தள்ள நேரும். இவ்வரிசையை மாற்றிச் செய்தால், பின்னர்ச் செய்தது முன்னர்ச் செய்ததைக் கெடுத்துவிடும்.

நரம்பின் தரமும் எண்ணத் தக்கது. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்பவற்றை யாழ் நரம்பின் குற்றங்களாகப் பழைய இசைநூலார் விலக்கினர். எஃகு நரம்புக்கு முதற்பகை துரு. சுற்றில்லாத மெல்லிய எஃகு நரம்புகளின்மேல் வெள்ளீயப் பூச்சிடுவது பெருவழக்கு. உலகுக்கு வெள்ளீயம் வழங்கிய கிந்தாப் பள்ளத்தாக்கின் மக்கள் இதனை அறிந்து மகிழலாம். ஆயினும் ஆண்டு முழுதும் மழை காணும் இந்நிலத்தில் அப்பூச்சு மட்டும் போதாது. வாசித்து முடித்தபின் வியர்வையைத் துணியால் துடைத்தலும், ஈரக்காற்றால் மரம் பெருத்துத் தண்டி வளைகிறதா என அவ்வப்போது பார்த்தலும் வேண்டும்.

தடித்த நரம்பே சிறந்தது என்பாரும் உளர். அமெரிக்கரான ஸ்டீவி ரே வாகன் 13 எண் நரம்பை மாட்டி, அரைச்சுரம் தாழ்த்தி வாசித்துப் புகழ்பெற்றார். மாறாக, கமகத்துக்கு நரம்பை இழுத்து வாசிப்போர்க்கு இழுப்பு மிகுதல் இடையூறாகும். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014), இரட்டை இரட்டையாக எட்டு நரம்புகள் கொண்ட கருவியை விடுத்து, ஐந்து ஒற்றை நரம்புகளையுடைய மின் மாண்டலினில் கருநாடக இசையை வாசித்தார். தம் இசை எதை வேண்டிற்றோ அதற்கேற்பக் கருவியை அமைத்துக்கொண்ட பெருமை அவருடையது. இன்னொருவர் மாட்டும் எண்ணைப் பார்த்து நரம்பு வாங்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்றவர். மறைந்துபோன யாழின் அமைப்பைக் கணக்கினால் ஆராய்ந்து காட்டினார். அத்தகைய கணக்கு வகுப்பறைக்கும் அந்நியமன்று. ஒரு பலகை, இரண்டு ஆணி, தடிப்பு வேறுபட்ட இரண்டு கம்பிகள், தொங்கவிடச் சில எடைக்கற்கள் இருந்தால் நம் தமிழாசிரியர்கள் இவ்விதியைத் தமிழிலேயே செய்து காட்டலாம். அதனைக் கண்ட மாணவன் நாளை மேடையில் கித்தார் இரையும்போது அதனை விற்க ஓடமாட்டான். பண்ணலும் ஆராய்தலும் முடித்து, அதன்பின் விளையாட்டுக்கு வருவான்.