இரவை அளக்கும் மரம்

சிட்கா ஸ்ப்ரூஸ், அலாஸ்கா முதல் வட கலிபோர்னியா வரை பசிபிக் கரையோரமாகவே வளரும் ஊசியிலை மரம். இரு முனைகளின் விதைகளையும் ஒரே நிலத்தில் விதைத்துப் பாருங்கள். அலாஸ்கா நாற்று கோடையிலேயே வளர்ச்சியை நிறுத்தி, நுனியில் பழுப்புச் செதில் மூடிய மொட்டைக் கட்டிவிடும். கலிபோர்னியா நாற்று இலையுதிர்காலத்திலும் தளிர் விட்டு நெடுநெடுவென்று உயரும். பார்ப்பவருக்கு அதுவே நல்ல நாற்று. உறைபனி இறங்கினால் முதலில் கருகுவதும் அதன் தளிர்தான்.

இரவு நீள்வதை உணர்ந்தே மரம் வளர்ச்சியை நிறுத்துகிறது. எவ்வளவு நீண்டால் நிறுத்துவது என்பது, பல தலைமுறைகளாக அந்தந்த ஊர்க் குளிர் தேர்ந்தெடுத்து மரபணுவில் பதித்த கணக்கு. புவி சூடானாலும் இரவின் நீளம் மாறாது. குளிர் வரும் காலமோ மாறும்; பழைய கணக்கு புதிய பருவத்தோடு ஒத்துப்போகாது. அதனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காடு வளர்ப்போர், நடும் இடத்தின் வருங்காலத் தட்பவெப்பத்தையும் பார்த்தே விதை தேர்கிறார்கள்.