கம்ப்யூட்டர் பாதுகாப்புப் படிப்பு: எந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு?



மாட்டுக் கடன், தையல் மெஷின் கடன், கல்யாணக் கடன் என்று கேட்ட நம் குழுக்களில் இப்போது புதுசா ஒன்று கேட்கிறார்கள். "பொண்ணு டிகிரி முடிச்சிட்டா. கிண்டிப் பக்கம் சைபர் செக்யூரிட்டி கோர்ஸ் சேர்க்கணும், அறுபதாயிரம் வேணும்" என்கிறார்கள். பிள்ளை நல்ல வேலைக்குப் போகணும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் எந்தச் சான்றிதழ் எதற்கு உதவும் என்று தெரியாமல் பணம் கட்டினால், தவணை கட்டி அவதிப்படுவது அம்மாதான். அதனால் இந்த இதழில் இதை விளக்குகிறோம்.

இது என்ன வேலை?

வீட்டுக்குப் பூட்டும் காவலும் இருப்பதுபோல, பேங்க், ஆஸ்பத்திரி, கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்கும் காவல் வேண்டும். தகவலைத் திருட வருபவர்களைக் கண்டுபிடித்துத் தடுப்பதுதான் இந்த வேலை. பேங்குகளுக்கு 2016-ல் ரிசர்வ் வங்கி தனியாகப் பாதுகாப்பு விதிகள் கொடுத்தது. கம்ப்யூட்டரில் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு உத்தரவு போட்டது. அதனால் ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் புதுசா வருபவருக்கும் அனுபவம் உள்ளவருக்கும் ஒரே வேலை கிடைக்காது. சான்றிதழ்களும் அப்படித்தான், படிப்படியாக இருக்கின்றன.

முதல் படி

'செக்யூரிட்டி பிளஸ்' என்பது காம்ப்டியா என்ற அமைப்பு நடத்தும் தேர்வு. நெட்வொர்க் வேலைக்கான 'சி.சி.என்.ஏ.' தேர்வை நடத்துவது சிஸ்கோ கம்பெனி. இரண்டையும் எழுத முன் அனுபவம் கட்டாயமில்லை. டிகிரி முடித்த பிள்ளைக்குப் பொருத்தம் இவைதான். இரண்டுமே 3 வருஷம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

நடுப் படி

'சி.இ.எச்.' என்ற பெயரை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். திருடன் எந்த வழியாக நுழைவான் என்று, சொந்தக்காரரின் அனுமதியோடு சோதித்துப் பார்க்கும் வேலைக்கான சான்றிதழ் இது. நடத்துவது இ.சி. கவுன்சில். தேர்வு எழுத, அவர்கள் அங்கீகரித்த பயிற்சி எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 2 வருஷம் இந்தத் துறையில் வேலை பார்த்திருக்க வேண்டும். நம் நாட்டு வேலை விளம்பரங்களில் இந்தப் பெயர் நிறைய வரும். ஆனால் செலவு அதிகம். அடிப்படை தெரியாமல் இதை மட்டும் மனப்பாடம் செய்து பாஸ் பண்ணினால், இன்டர்வியூவில் கேட்கும் கேள்விக்குப் பதில் வராது.

மேல் படி

'சி.ஐ.எஸ்.எஸ்.பி.', 'சி.ஐ.எஸ்.ஏ.' இரண்டும் மிகவும் மதிப்பானவை. ஆனால் இரண்டுக்கும் 5 வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கு டிகிரி இருந்தால் ஒரு வருஷம் குறையும். அனுபவம் இல்லாமல் தேர்வு பாஸ் பண்ணினாலும் அந்தப் பட்டம் கையில் வராது. 'அசோசியேட்' என்ற பெயர்தான் வரும். அதனால் "காலேஜ் முடிச்ச உடனே சி.ஐ.எஸ்.எஸ்.பி. வாங்கித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள்.

பயிற்சி சான்றிதழ் வேறு, தேர்வு சான்றிதழ் வேறு

பலர் ஏமாறுவது இங்கேதான். சென்டரில் கோர்ஸ் முடித்ததும் கொடுக்கும் சான்றிதழ், அங்கே படித்தார் என்பதற்கு மட்டும் அத்தாட்சி. கம்பெனிக்காரர்கள் கேட்பது மேலே சொன்ன அமைப்புகள் நடத்தும் தேர்வின் சான்றிதழ். அது உண்மையா என்று இன்டர்நெட்டில் சரிபார்க்க முடியும். தேர்வுக் கட்டணம் டாலர் கணக்கு என்பதால் அதுவே பெரிய தொகை. கோர்ஸ் பீஸில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காவிட்டால் கடைசியில் இன்னொரு கடன் வாங்க வேண்டி வரும்.

கிண்டியிலேயே குறைந்த செலவில்

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை ஆலந்தூர் சாலையில் வேலைவாய்ப்பு அலுவலக வளாகம் இருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் அலுவலகமும் அங்கேதான். அரசுப் பயிற்சிகள் பற்றி நேரில் விசாரிக்கலாம். பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு அரசு ஐ.டி.ஐ.களில் ஒரு வருஷக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு உண்டு. அது பாதுகாப்புப் படிப்பு இல்லை, ஆனால் நல்ல அஸ்திவாரம். அதன் தேசியச் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும். கிண்டியை ஒட்டியுள்ள ஐ.ஐ.டி. உட்பட ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' பாடங்களை இன்டர்நெட்டில் இலவசமாகப் பார்க்கலாம். தேர்வு எழுதினால் மட்டும்தான் கட்டணம். பிள்ளைக்கு இந்தப் படிப்பு பிடிக்குதா என்று முதலில் இதில் பார்த்துக்கொள்ளலாமே!

கடன் கேட்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. தேர்வை நடத்துவது எந்த அமைப்பு? அதன் கட்டணம் பீஸில் சேர்ந்ததா?
2. பெயிலானால் மறுபடி எழுத எவ்வளவு?
3. சான்றிதழ் எத்தனை வருஷம் செல்லும்? புதுப்பிக்க என்ன செலவு?
4. "வேலை உறுதி" என்கிறார்களே, எழுத்தில் தருவார்களா? போன வருஷம் படித்தவர்களிடம் பேச முடியுமா?
5. கண்காணிப்பு வேலையில் நைட் ஷிப்ட் வரலாம். தங்கும் இடம், போக்குவரத்து பற்றி யோசித்தோமா?

கணக்கைப் பாருங்கள். 60,000 ரூபாயை 24 மாதத்தில் கட்டினால் அசல் மாதம் 2,500. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் முதல் மாத வட்டி 600. ஆக 3,100 ரூபாய், பிள்ளைக்கு வேலை கிடைக்கும் முன்பே கட்ட ஆரம்பிக்க வேண்டும். பேங்கில் திறன் பயிற்சிக் கடன் என்று தனியாக உண்டு. 2024-ல் அதன் உச்சவரம்பு 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. அந்தக் கோர்ஸுக்கு அது கிடைக்குமா என்று மேனேஜரிடம் கேளுங்கள்.

குழுவுக்கு ஒரு யோசனை. முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். முதல் படிப் படிப்புக்கு மட்டும் கொடுங்கள். தேர்வு பாஸ் ஆனதும் அடுத்ததைத் தீர்மானத்தில் எழுதிக் கொடுக்கலாம். வேலைக்குப் போனபின் மேல் படிச் செலவைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். சில கம்பெனிகள் அந்தக் கட்டணத்தைக் கொடுக்கவும் செய்கின்றன.

நம்ம பொண்ணுங்க கம்ப்யூட்டருக்குக் காவல் நிற்கட்டும். அதற்கு முன் நம்ம சேமிப்புக்கு நாம காவல் நிற்போம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, எல்லோரும் பேசுங்கள்!