சிறு உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து (செஞ்சி வட்டாரம்)

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை மட்டும் உள்ள அரசுப் பள்ளி உயர்நிலைப் பள்ளி எனப்படும். பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்தால் அது மேல்நிலைப் பள்ளி. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி போன்ற ஒரு நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாணவர் எண்ணிக்கை குறைந்த உயர்நிலைப் பள்ளிகள் பரவிக் கிடக்கின்றன. இத்தகைய பள்ளிகளில் கபடி அணி எளிதில் அமைந்துவிடுகிறது, கைப்பந்து அணியும் அமைகிறது. கால்பந்து அணி அமைவது கடினம், அமைந்தாலும் சில ஆண்டுகளில் கலைந்துவிடுகிறது. மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வதுண்டு. உண்மையான காரணம் பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கிறது.

பதினொரு பேர்

கபடி அணிக்குக் களத்தில் ஏழு பேர் போதும், கைப்பந்துக்கு ஆறு பேர். கால்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டும். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்தால் பதினைந்து, பதினாறு பேர் இல்லாமல் ஒரு பயிற்சியாளர் நிம்மதியாக இருக்க முடியாது.

ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 200 பேர் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அதில் பையன்கள் ஏறத்தாழ 100 பேர் இருப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து நடத்தப்படுகின்றன. 17 வயதுப் பிரிவுக்கு அந்தப் பள்ளி நம்பக்கூடியது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்களை மட்டும்தான். அவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். அந்த நாற்பது பேருக்குள்ளேயே கபடி, கைப்பந்து, கோ-கோ, தடகளம் எல்லாவற்றுக்கும் ஆள் எடுக்க வேண்டும். நன்றாக ஓடும் பையனை எல்லா விளையாட்டுக்கும் கேட்பார்கள். எதிரில் வரும் மேல்நிலைப் பள்ளியோ பதினொன்றாம் வகுப்பு மாணவர்களையும் இதே பிரிவில் இறக்க முடியும். பெண்கள் அணி என்றால் கணக்கு இன்னும் இறுகும்.

கால்பந்து விதிகளின்படி ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவோ தொடரவோ முடியாது. ஆகவே எட்டு, ஒன்பது பேருடன் ஒரு சிறு பள்ளி களம் இறங்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் நிறைவான அணியுடன் ஆடி ஏழெட்டு கோல் வாங்கித் திரும்பும் பிள்ளைகள் அடுத்த ஆண்டு கபடிக்குப் போய்விடுவார்கள்.

ஓர் ஏக்கர்

ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அதாவது 130 சதுர மீட்டர். கைப்பந்துக் களம் 18-க்கு 9, 162 சதுர மீட்டர். கால்பந்துக் களத்துக்கு விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவே 90-க்கு 45 மீட்டர். பெருக்கினால் 4,050 சதுர மீட்டர் வரும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக, கால்பந்து என்றாலே குறைந்தது ஒரு முழு ஏக்கர் சமதளம் வேண்டும். கோட்டைக்கு வெளியே ஓடி நிற்க இடம் விட்டால் அதற்கும் மேல்.

செஞ்சி பாறைகளின் ஊர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டைக்குப் பொருந்திய நிலம் கால்பந்துக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. மண் சரளையாக இருக்கும் இடத்தில் விழுந்தால் முழங்கால் தோல் உரியும். ஏரியை ஒட்டிய பள்ளி மைதானமாக இருந்தால் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தண்ணீர் தேங்கிவிடும். புதிய வகுப்பறைக் கட்டடமோ தண்ணீர்த் தொட்டியோ வரும்போது முதலில் பறிபோவதும் மைதானத்தின் ஓரம்தான். கபடிக் களத்தை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். கால்பந்துக்கு அந்த வசதி கிடையாது.

காலணிச் செலவும் உண்டு. விதிப்படி சட்டை, கால்சட்டை, காலுறை, ஷின் கார்டு, காலணி எல்லாம் கட்டாயம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடி 1-2 என்று மட்டுமே தோற்றார்கள் என்பதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைய பள்ளிப் போட்டியில் எதிரணி பூட்ஸ் அணிந்து வரும்போது வெறுங்காலில் நிற்கும் பையனுக்கு அந்தப் பெருமை உதவாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் விளையாட்டு மானியமாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரையிலும் நடுநிலைப் பள்ளிகளுக்கு 10,000 ரூபாய் வரையிலும் ஒதுக்கப்படுகிறது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான். பதினாறு சோடி பூட்ஸ் வாங்கினால் மீதி என்ன இருக்கும் என்று உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியும். பந்து மட்டும் இப்போது பெரிய தடை இல்லை. ஃபிஃபாவின் பள்ளிகளுக்கான கால்பந்துத் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கென 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகள் அனுப்பப்பட்டன.

ஓர் ஆசிரியர்

சிறு பள்ளியில் கால்பந்து இருக்கிறதா இல்லையா என்பதை, பெரும்பாலும், அங்கு வந்து சேரும் உடற்கல்வி ஆசிரியர் எந்த விளையாட்டில் வளர்ந்தவர் என்பதே முடிவு செய்கிறது. கால்பந்து ஆடியவர் வந்தால் மூன்றே ஆண்டில் ஓர் அணி உருவாகும். அவருக்கு இடமாறுதல் வந்து கைப்பந்து ஆடியவர் வந்தால் கோல் கம்பத்தில் துணி காயும். இதில் இரு ஆசிரியர்கள் மீதும் குறை சொல்ல முடியாது.

ஆசிரியரே இல்லாத நிலையும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100-க்கு மேல் மாணவர்கள் இருந்தால்தான் உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. இதையொட்டித் தமிழ்நாட்டில் 2012-இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். தொடக்கத்தில் மாதத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் பணி. பின்னர் ஊதியம் சிறிது சிறிதாக உயர்ந்தது. வாரத்துக்கு மூன்று அரை நாளில் கபடி கற்றுத்தரலாம். பதினொரு பேரை ஒருவருக்கொருவர் பந்து கொடுத்து ஆடப் பழக்குவதற்கு அது போதாது.

பத்தாம் வகுப்பும் கடைசிப் பேருந்தும்

நல்ல அணி அமையும் வயதில்தான் பொதுத்தேர்வு வருகிறது. பத்தாம் வகுப்புக்குக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு வைப்பது வழக்கம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வதும் ஊரறிந்த செய்தி. தேர்ச்சி விழுக்காட்டுக்குத் தலைமை ஆசிரியர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கால்பந்து அணி இல்லாததற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

மாலைப் பயிற்சிக்கு இன்னொரு தடை வீடு திரும்பும் வழி. செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை எங்கு போவதானாலும் பேருந்துதான். அரசு தரும் இலவசப் பேருந்துப் பயண அட்டை கையில் இருந்தாலும், குக்கிராமத்துக்குப் போகும் பேருந்து பள்ளி விடும் நேரத்துக்கு ஒன்று, அதை விட்டால் இருட்டிய பிறகு ஒன்று என்று இருந்தால், அட்டையால் என்ன பயன்? அரசின் விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கப்படுவது. உயர்நிலைப் பள்ளியோடு நிற்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஆடும் வயதில், அது கிடைப்பதில்லை. பெண் பிள்ளைகளை ஆறு மணிக்கு மேல் பள்ளியில் நிறுத்திவைக்கப் பெற்றோர் தயங்குவதற்கும் பாதிக் காரணம் இந்தப் பேருந்துதான். மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளை மாலை ஆறு மணி வரை வேறொன்றும் உண்ணாமல் ஓடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் தாண்டி ஒரு பையன் தனித்துத் தெரிந்தால், அவனைப் பள்ளி இழக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் மாணவர்களைச் சேர்க்கின்றன. அது அவனுக்கு மிக நல்லது. ஆனால் விட்டுப்போன பத்துப் பேரின் அணி அத்தோடு உடைந்துபோகலாம். எஞ்சியவர்களுக்கு இதில் பெரிய இழப்பு உண்டு. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழ் வரும் பாதை குறுவட்டப் போட்டியில் தொடங்குகிறது. அணியே இல்லாத பள்ளியின் மாணவருக்கு அந்த முதல் படியே இல்லை.

கடலூரில் நடந்தது

இதே நிலப்பகுதியில் வேறு விதமாக நடந்த கதையும் உண்டு. 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை செஞ்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதன் தலைநகர் கடலூர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் ஏழைச் சிறுமிகளைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். அந்த முயற்சி இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகமாக வளர்ந்தது. அரசு விடுதியில் தங்கிப் படித்த பண்ருட்டிப் பகுதியைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதன், கடலூரின் இந்துமதி கதிரேசன், சுமித்ரா காமராஜ் ஆகியோர் அங்கிருந்து இந்திய அணி வரை சென்றனர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டம் பெற்றபோதும், 2023-இல் அமிர்தசரசில் ஹரியாணாவை அதே கணக்கில் வென்றபோதும் இந்துமதி அணியில் இருந்தார்.

இதைத் தனிமனித சாதனை என்று மட்டும் படிப்பது போதாது. பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளில் படித்தாலும் ஒரே இடத்தில் பயிற்சி பெற்றார்கள். பலர் விடுதியில் இருந்ததால் மாலைப் பேருந்து ஒரு கவலையாக இருக்கவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்தும், ஏன் கல்லூரி முடிந்தும், பயிற்சியாளர் மாறவில்லை. மேலே சொன்ன தடைகள் ஒவ்வொன்றும் பள்ளிக்கு வெளியே விலக்கப்பட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் கால்பந்து நிலைத்த மற்ற ஊர்களும் இப்படித்தான். குமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து மீனவ ஊர்களில் இளைஞர் மன்றங்கள் விளையாட்டைத் தாங்குகின்றன. மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடற்கரையைச் சேர்ந்தவர். வடசென்னை வியாசர்பாடியிலும் பள்ளிக்கு வெளியே உள்ள பயிற்சி அமைப்புதான் தனபால் கணேஷ் போன்றவர்கள் வந்த மண்ணை வளர்த்தது. செஞ்சியைச் சுற்றியுள்ள உழவர் கிராமங்களில் அத்தகைய வலுவான கால்பந்து மன்ற மரபு இல்லை. இங்கு பள்ளி கைவிட்டால் விளையாட்டைத் தாங்கிப் பிடிக்க வேறு ஆளில்லை.

எண்ணிக்கையைக் குறைத்தல், பள்ளிகளைச் சேர்த்தல்

ஆள் பற்றாக்குறை செஞ்சிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1934-இல் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர், பதினொரு பேர் திரட்ட முடியாத கிராமப் பள்ளிகளுக்காக ஆறு பேர் ஆடும் அமெரிக்கக் கால்பந்தை உருவாக்கினார். அது வேறு விளையாட்டுதான், ஆனால் சிக்கல் ஒன்றே. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் சிறு பள்ளிகள் இன்றும் அப்படி ஆடுகின்றன. அங்கே அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரே அணியாகப் பதிவு செய்யும் முறையும் உண்டு. இங்கிலாந்தில் சிறுவர் கால்பந்து ஐவர், எழுவர், ஒன்பதின்மர் என்று படிப்படியாக ஏறித்தான் பதினொருவர் ஆட்டத்துக்கு வருகிறது. கேரளத்தின் மலபாரில் எழுவர் ஆட்டமான செவன்ஸ், அறுவடை முடிந்த வயல்களில் பெருங்கூட்டத்தைக் கூட்டுகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிப் போட்டிகளும், 1960-இல் தொடங்கிய அகில இந்திய சுப்ரதோ கோப்பையும் ஒரு பள்ளிக்கு ஓர் அணி என்ற அடிப்படையில் நடப்பவை. மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு உயர்நிலைப் பள்ளிகள், தலைக்கு எட்டுப் பேரை வைத்துக்கொண்டு, சேர்ந்து ஆட இதில் வழியில்லை. குறுவட்ட அளவில் மட்டுமாவது 14 வயதுப் பிரிவை எழுவர் ஆட்டமாக நடத்தலாம், கூட்டு அணியை ஏற்கலாம். அதற்குப் புதிய மைதானமோ பெரிய நிதியோ வேண்டாம். போட்டி விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும். பாதி அளவுக் களத்தில் நடக்கும் எழுவர் ஆட்டம், அரை ஏக்கர் மைதானம் மட்டும் உள்ள பள்ளியையும் போட்டி நடத்தும் பள்ளியாக ஆக்கிவிடும்.